பானெட்டில் இருந்த சூடு

“வண்டிதான் எந்திரிச்சிடுச்சே, அப்புறம் ஏன்ப்பா ஓட்ட மாட்டேங்குற?”

மொட்டு இதைக் கேட்டபோது அவளுக்கு நாலு வயது. பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி மட்டும் முற்றத்தை விட்டு நகரவில்லை. அவளுடைய அப்பா ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி, எதிரே மெல்ல ஏறிக்கொண்டிருந்த, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன்னைப் படுக்கையிலேர்ந்து எழுப்பின உடனே ஓடுன்னா ஓடுவியா?”

“மாட்டேன். ஒண்ணுக்குப் போகணும்.”

“இதுக்கும் அப்படித்தான். எண்ணெய் சூடாகி உடம்பு பூராவும் பரவணும். அதுவரைக்கும் தொந்தரவு பண்ணக் கூடாது.”

மறந்துபோன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்த மொட்டுவின் அம்மா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். மகள் அந்தப் பதிலை அன்று மாலைக்குள் மறந்திருப்பாள். தாய் மறக்கவில்லை. வண்டி என்றால் முதலில் எழுப்ப வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும், அதன் பிறகுதான் அதனிடம் வேலை வாங்கலாம் என்று அவள் மனதில் பதிந்துபோயிற்று. வண்டியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் ஒரு பம்பு தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தவர். எங்கோ மோதி முகம் நசுங்கிக் கிடந்த ஒரு எஸ்யூவியை மலிவாக வாங்கி வந்து, ஒவ்வொரு விடுமுறை நாளாகச் சேர்த்து அதை வேறொரு வண்டியாக்கினார். பெரிய டர்போ வைத்தார். எஞ்சினின் கணினியில் இருந்த கணக்குகளையெல்லாம் மாற்றி எழுத வைத்தார். அந்த வேகத்தைத் தாங்கும் பிரேக்குகள், தடித்த ஸ்பிரிங்குகள், அகலமான டயர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் வார இறுதியில் நடக்கும் வேகப் போட்டிகளில் அவருக்குப் ‘புயல்’ என்று பெயர். அதே புயல் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடும்போது சைக்கிள்காரர்கள் தாண்டிக்கொண்டு போவார்கள். “உன் புருஷன் ஓட்டுறானா, தள்ளிட்டுப் போறானா?” என்று அவளுடைய அக்கா ஒருமுறை கேட்டாள். “பின்னாடி கண்ணாடிப் பாத்திரம் இருக்கில்ல” என்று அவரே பதில் சொன்னார்.

அந்த மனிதருக்கு இருதயம் பலவீனமாக இருப்பது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. மருத்துவமனையில் கிடந்த கடைசி வாரத்தில் அவர் மனைவியிடம் வீட்டைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ அதிகம் பேசவில்லை. வண்டியைப் பற்றித்தான் பேசினார்.

“வித்துடு. வெச்சிருந்து என்ன பண்ணப் போற. ஆனா பிரிச்சு விக்கறவன்கிட்ட மட்டும் குடுத்துடாத.”

ஏன் என்பதையும் மூச்சு வாங்கிக்கொண்டு அவராகவே சொன்னார். பிரேக் வாங்க அவர் ஒருமுறை பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்துக்குப் போயிருந்தார். அங்கே கதவுகள் ஒரு பக்கம், சீட்டுகள் ஒரு பக்கம், விளக்குகள் ஒரு பக்கம் என்று அடுக்கியிருந்தார்கள். ஒரு கதவின் பையில் ஒரு குழந்தையின் தலை க்ளிப் இருந்தது. அதைக் கையில் எடுத்தவருக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திரும்ப அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டார்.

“நம்ம மொட்டு உக்காந்த சீட்டு ஒரு மூலையிலயும் கதவு ஒரு மூலையிலயும் கிடக்க வேணாம். முழுசாப் போகட்டும்.”

“போகும்” என்றாள் அவள். போகிற உயிருக்குக் கொடுக்கும் வாக்கை எல்லோரும் யோசிக்காமல்தான் கொடுக்கிறோம். கொடுத்த பிறகுதான் அதன் கனம் தெரிகிறது.

அவருக்குப் பிறகு அந்த வீட்டு வாடகை அவளுடைய சம்பளத்துக்கு எட்டாது. அவள் திரைச்சீலைகளும் மெத்தை உறைகளும் தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். மாதக் கடைசியில் மொட்டுவோடு அக்கா வீட்டு மாடியறைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. அங்கே ஒரு சைக்கிளை நிறுத்துவதற்கே பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட வேண்டும். வண்டி அதற்குள் போயாக வேண்டும்.

விற்றுக் கொடுக்கும் பொறுப்பை ஒரு தரகர் எடுத்துக்கொண்டார். பேச்சில் தேன் ஒழுகும் என்பதால் அவரை எல்லோரும் வெல்லக்கட்டி என்பார்கள். ஆனால் அவர் அவளிடம் உண்மையைச் சொன்னார். இப்படி மாற்றிக் கட்டின வண்டியை வாங்க ஆள் குறைவு. குடும்பஸ்தர்கள் சத்தத்தைக் கேட்டே பயப்படுவார்கள். வேகப் பைத்தியங்களிடம் பணம் இருக்காது. முழு வண்டிக்குக் கிடைப்பதைவிட, டர்போவையும் பிரேக்கையும் சீட்டுகளையும் தனித்தனியாகக் கழற்றி விற்றால் கூடுதலாகவே கிடைக்கும். அதனால் பிரிப்புக்காரர் ஒருவர் கையில் ரொக்கத்தோடு தயாராக இருக்கிறார்.

“கூடக் கிடைக்குதுன்னா கசக்குதா உனக்கு?” என்று அக்கா தொலைபேசியில் கேட்டாள். இவள் தான் கொடுத்த வாக்கைச் சொன்னதும், அக்காவின் குரல் இறங்கியது. “சரி, உன் இஷ்டம். ஆனா அந்த யானையைக் கட்டி இழுத்துட்டு இங்க வந்துடாத.”

வந்து பார்த்தவர்கள் சிலர். ஒருவன் தன் நண்பர்களோடு வந்து வண்டியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போனான். இன்னொருவர் டயரை உதைத்துப் பார்த்து, இது எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் தன் செருப்பைப் பார்த்தபடி போய்விட்டார். அவள் ஒவ்வொரு நாளும் கண்ணை மூடி, இதை முழுசாக வாங்குகிற ஒரு நல்ல மனுஷனை அனுப்பு என்று ஆண்டவனிடம் கேட்டாள். அவனிடம் அவள் கேட்ட மற்றதெல்லாம் மருத்துவமனையிலேயே தீர்ந்துபோயிருந்தது.

அப்படித்தான் பேக்கரிக்காரர் வந்தார். பெரிய உடம்பு. முன்கை ரோமத்தில் மாவு ஒட்டியிருக்கும். இரண்டு தெரு தள்ளி இருந்தது அவருடைய கடை. ஓடுதளத்தில் இந்த வண்டி ஓடியதை ஒருமுறை பார்த்திருக்கிறாராம். அன்றிலிருந்து மனதில் நிற்கிறது என்று வெல்லக்கட்டியிடம் சொல்லியிருந்தார். முழுசாக வாங்கி, முழுசாக வைத்துக்கொள்ளும் ஆள்.

வேலையை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவள் முந்தின நாளே வண்டியைக் கழுவியிருந்தாள். காலையில் சீட்டுகளைத் துடைத்தாள். பிறகு, விருந்தாளி வருவதற்கு முன் வீட்டில் இருப்பவர்களை எழுப்பிவிடுவது போல, எஞ்சினைக் கிளப்பி முள் ஏறும் வரை காத்திருந்தாள். பேக்கரிக்காரர் வரத் தாமதமாயிற்று. தங்கள் மாடிக்குக் கீழ்வீட்டில் தனியாக இருக்கும் நர்ஸம்மா இரவுப் பணி முடிந்து வந்து படுத்திருப்பார் என்ற நினைவு வர, எஞ்சினை அணைத்துவிட்டாள்.

அவர் வந்ததும் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். முகம் மலர்ந்திருந்தது. அடுப்பின் சூட்டைப் பார்க்கிறவர் போலப் புறங்கையைப் பானெட்டின் மேல் வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது.

“காலையில எங்கயாவது போயிட்டு வந்தீங்களாம்மா?”

“இல்லீங்க. எங்கயும் போகலை.”

அவர் தலையாட்டினார். பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. ஓட்டிப் பார்க்கவும் கேட்கவில்லை. சீட்டின் தையலை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, நல்லா வெச்சிருக்கீங்க என்று சொல்லிவிட்டு, தகவல் சொல்வதாகப் போய்விட்டார். அவள் மாடிக்கு ஏறி வந்து தண்ணீர் குடித்தாள். அவ்வளவு சந்தோஷமாக வந்த மனிதர் ஏன் முகம் மாறினார் என்று அவளுக்கு விளங்கவேயில்லை.

மதியம் வெல்லக்கட்டி கூப்பிட்டார். அவர் குரலில் தேன் இல்லை.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? எதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வெச்சீங்க?”

“சூடு பண்ணாம எப்படிக் காட்டுறது?”

அவர் பொறுமையாக விளக்கினார். பழைய வண்டி வாங்கப் போகிறவன் முதலில் பார்ப்பது எஞ்சின் ஆறிக் கிடக்கிறதா என்பதைத்தான். தேய்ந்த எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பினால் கடகடக்கும், புகை கக்கும். சூடான பிறகு எல்லாம் அடங்கிவிடும். அதனால் நோயை மறைக்கிறவர்கள் ஆள் வருவதற்கு முன் ஓடவிட்டு அணைத்து வைப்பார்கள். அது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பித்தலாட்டம்.

“பானெட் கொதிக்குது, நீங்க எங்கயும் போகலைங்கறீங்க. அவரு என்ன நினைப்பாரு?”

அவள் படியிறங்கி முற்றத்துக்கு வந்தாள். உள்ளே மொட்டு இருந்தாள். அவள் காதில் இது விழக் கூடாது. வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு பேக்கரிக்காரரைக் கூப்பிட்டு, தன் கணவர் வண்டியை எப்படி எழுப்புவார், எத்தனை நேரம் காத்திருப்பார், அவர் போன பிறகும் வாரம் ஒருமுறை தான் அதை எப்படிச் செய்கிறாள் என்பதையெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவள் காதுக்கே கட்டுக்கதையாக ஒலித்தது. மறைக்க எதுவும் இல்லாதவர்கள் இத்தனை விளக்கமாகப் பேச மாட்டார்கள் என்று அவளுக்கே தோன்றியது.

அவர் கடைசிவரை கேட்டார். “நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம்மா. ஆனா இதே மாதிரி ஒருத்தர் சொன்னதை நம்பி ஒரு தடவை கெட்டிருக்கேன். மனசுல சந்தேகம் விழுந்த வண்டியை என்னால ஓட்ட முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க.”

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் தன்னைப் பொய்க்காரி என்று மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனது அவளைச் சுட்டது. கணவர் சொல்லிக் கொடுத்ததைச் செய்ததால் கணவர் கேட்டதைச் செய்ய முடியாமல் போயிற்று. இதை யாரிடம் சொல்லி அழுவது? சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

மாதம் முடிந்துகொண்டிருந்தது. வேறு யாரும் வரவில்லை. சனிக்கிழமை வரச் சொல்லிப் பிரிப்புக்காரருக்குத் தகவல் கொடுத்தாள். தகவல் கொடுத்த அன்று சாயங்காலம் வண்டியின் கதவுப் பைகளையெல்லாம் கையை விட்டுத் துழாவினாள். ஒரு மிட்டாய்க் காகிதமும் ஒரு தேய்ந்த கலர் பென்சிலும் கிடைத்தன. ஒன்றும் மிஞ்சக் கூடாது என்று சீட்டுகளுக்கு அடியிலும் தேடினாள். “என்னம்மா தேடுற?” என்று மொட்டு கேட்டாள். “ஒண்ணும் இல்லைடா, சுத்தம் பண்றேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் இருந்தபோது கேட்டுக்கு வெளியே யாரோ கனைத்தார்கள். பேக்கரிக்காரர் நின்றிருந்தார். அடுப்படியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. அவள் சால்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். அவர் நேராகப் பானெட்டின் மேல் புறங்கையை வைத்தார். பனி ஈரத்தில் அது சில்லென்று இருந்தது. கையைத் துடைத்துக்கொள்ளாமலே சாவியைக் கேட்டார்.

முதல் திருப்பலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கடகடப்பு இல்லை. புகை இல்லை. கொஞ்சம் உறுமி, பிறகு தன் பாட்டுக்குச் சீராக ஓடத் தொடங்கியது. அவர் ஆக்ஸிலரேட்டரைத் தொடவில்லை. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு முள் ஏறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த இருக்கையில் ஒருவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

இறங்கி வந்தவர் முதலில் மன்னிப்புக் கேட்டார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்.

“உங்க கீழ்வீட்டு நர்ஸம்மா தினமும் டியூட்டி முடிஞ்சு வர்றப்ப என்கிட்டதான் ரொட்டி வாங்குவாங்க. ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாங்க. நேத்து ரொட்டியைக் கையில வாங்கிட்டுப் போகாம நின்னாங்க. நீங்க போன்ல பேசினது அவங்க ஜன்னலுக்குக் கேட்டிருக்கு.”

அவள் கீழ்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். அது மூடியிருந்தது. அந்த அம்மா இன்னும் பணியிலிருந்து திரும்பவில்லை.

“அவங்க சொன்னது இதுதான். ‘நான் தலையைச் சாய்க்கற நேரமாப் பாத்துத்தான் அந்த வண்டி எந்திரிக்கும். இத்தனை வருஷத்துல நான் ஒரு நாளும் முழுசாத் தூங்கினதில்லை. அவரு போன பிறகும் அந்தப் பொண்ணு அதை அதே மாதிரி எழுப்பி வெச்சுட்டு இருக்கு. அந்தச் சத்தத்தால கெட்டது நான். அதுல பொய் இல்லைன்னு நானே சொல்றேன், நீங்க நம்ப மாட்டீங்களா?’ன்னாங்க. அதுக்கு மேல நான் என்னம்மா பேசறது?”

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவளுடைய கணவர் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டார். படுத்தால் எனக்கு இடி விழுந்தாலும் தெரியாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். நல்ல தூக்கக்காரி என்று இவர்கள் மாடியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட மறுபடி கேட்கவில்லை.

“நீங்க இதைப் பிரிக்க மாட்டீங்களே?” என்று பேக்கரிக்காரரிடம் கேட்டாள்.

“நான் ரொட்டியை மட்டும்தாம்மா துண்டு போடுவேன்” என்றவர், அவள் சிரிக்காததைக் கண்டு குரலைத் தாழ்த்தினார். “நான் இருக்கற வரைக்கும் முழுசா இருக்கும். எனக்கப்புறம் யார் கையில போகுமோ, அதுக்கு நான் வாக்குத் தர முடியாது.”

அது போதும் என்றாள். மனிதர்கள் தரக்கூடியது அவ்வளவுதான்.

பிரிப்புக்காரர் சொன்ன விலையைவிட அவர் கொடுத்தது குறைவு. அவள் பேரம் பேசவில்லை. வண்டி வெளியே போனபோது மொட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது தெருமுனையில் திரும்பியதும், “அவரும் மெதுவாத்தான் ஓட்டறாரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லித் தாய் எழுப்பவில்லை. முற்றத்தில் வண்டி நின்ற இடம் மட்டும் பனி படாமல் உலர்ந்து கிடந்தது. வெயில் ஏறியதும் மற்ற இடமும் உலர்ந்து, எது எந்த இடம் என்று தெரியாமல் போயிற்று.

மறுநாள் நர்ஸம்மாவைக் கேட்டருகே பார்த்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். அந்த அம்மா கையிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டு, “எனக்கு என்னம்மா தெரியும், நான் ரொட்டி வாங்கப் போனேன்” என்றார். பிறகு, “குழந்தை சாப்பிடுதா?” என்று கேட்டார். சாப்பிடுகிறாள் என்றதும் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கதவுக்கு வெளியே நன்றியை வைத்துக்கொண்டு நிற்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. சிலர் நன்றியை வாங்கிக்கொள்ளும்போது கூசிப்போகிறார்கள். அவர்களை அதற்காக வருத்தக் கூடாது.

அடுத்த சில நாட்கள் தையல் கடையில் வேலை முடிந்த பிறகும் அவள் இருந்தாள். விடுதி அறைகளுக்கென்று அங்கே ஒரு துணி வரும். வெளிப்பக்கம் சாதாரணமாகத் தெரியும். உள்பக்கம் கறுப்பாகக் கனத்து, நட்டநடுப் பகலிலும் ஒரு நூல் வெளிச்சத்தை விடாது. சத்தத்தையும் கொஞ்சம் குடிக்கும். முதலாளியிடம் கேட்டுச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி அதில் வேண்டிய அளவு வாங்கினாள். யாருக்கு என்று அவர் கேட்டதற்கு, வீட்டுக்கு என்றாள்.

வீட்டைக் காலி செய்யும் நாளில் அக்கா வந்து மொட்டுவையும் சாமான்களையும் முதல் நடையில் அழைத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் நர்ஸம்மா பணிக்குக் கிளம்பினார். அந்த அம்மா இல்லாத நேரத்தில் யாராவது சாமான் கொண்டுவந்தால் உள்ளே வைக்க வேண்டும் என்று கீழ்வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் மாடியில்தான் இருக்கும். கொடுத்தவரும் திருப்பிக் கேட்கவில்லை, வாங்கினவளும் இதுவரை வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை.

இன்று தைத்து முடித்த திரைச்சீலையோடு கதவைத் திறந்து உள்ளே போனாள். அறை சிறியது. கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பழைய செய்தித்தாள்களைப் பசை தடவி ஒட்டியிருந்தார். பழையது பழுத்துக் கிழிய, அதன் மேல் புதியது, அதன் மேல் இன்னொன்று. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு தகரச் சிமிழில் பஞ்சு உருண்டைகள். காதுக்குள் வைத்து வைத்து அமுங்கியவை.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். தன் வீட்டின் சந்தோஷம் இத்தனை காலம் இங்கே எப்படி ஒலித்தது என்று ஒரு கணம் கேட்டுப் பார்த்தாள். அழுகை வந்தது. அவர் போன அன்றுகூட இப்படி அழவில்லை. யாரும் தேற்றுவதற்கு இல்லாததால் அது தானாக வந்து தானாக முடிந்தது.

பிறகு எழுந்து ஒரு வாளியில் தண்ணீர் பிடித்தாள். செய்தித்தாள்களை நனைத்து, நகத்தால் சுரண்டாமல் ஊறவிட்டு ஊறவிட்டு உரித்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். மேலே துருப்பிடித்த கம்பி இருந்தது. அதையும் துடைத்து, திரைச்சீலையை வளையங்களில் கோத்து மாட்டினாள். அடிமடிப்பு தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கண்ணளவில் தைத்தது சரியாக இருந்ததில் ஒரு சின்ன நிம்மதி.

இழுத்து மூடிப் பார்த்தாள். அந்திவெயில் மறைந்து அறை நள்ளிரவு போல ஆயிற்று. தெருவில் யாரோ பேசிக்கொண்டு போனது தூரத்தில் கேட்டது. அந்த இருட்டில் நின்று, இந்த வீட்டில் நல்ல தூக்கம் இருக்கட்டும் என்று ஆண்டவனிடம் கேட்டாள்.

திரையைப் பாதி விலக்கி வைத்தாள். உரித்த காகிதங்களைச் சுருட்டித் தன் பையில் திணித்துக்கொண்டாள். வாளியைக் கவிழ்த்து வைத்து, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, தானாகப் பூட்டிக்கொள்ளும் அந்தக் கதவை உள்ளே யாரோ படுத்திருப்பது போல மெல்லச் சாத்தினாள்.